அட்வான்ஸ் யாருக்குச் சொந்தம்?



இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை இதில் பாதி. பிறர் கொடுத்த அட்வான்ஸை என் பணமாக நினைத்துக் கல்லாவில் போட்டுக்கொண்ட கதை மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் விளங்கும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

2016-ஆம் ஆண்டு என்னிடம் இருந்த பழைய ஆம்னி வேனை விற்றேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருந்த ஒரு தம்பி வந்து பார்த்தார். ரூ.1,40,000-க்குப் பேசி முடித்தோம். ரூ.10,000 அட்வான்ஸ் கொடுத்தார். பத்து நாளில் மீதியைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. தாள் எதுவும் எழுதவில்லை. ஆறாம் நாள் கடை வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். வண்டி இப்ப வாங்க முடியாது. அந்தப் பத்தாயிரத்தைக் கொடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, அட்வான்ஸ் கொடுத்துட்டு வேண்டாம்னா அது போச்சு. வியாபாரத்துல இதுதான் முறை." அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் போய்விட்டார். அடுத்த நான்காம் நாள் அதே வண்டியை வேறொருவருக்கு ரூ.1,43,000-க்கு விற்றேன். ஆக, பேசிய விலைக்கு மேல் ரூ.3,000, அந்தத் தம்பியின் ரூ.10,000, இரண்டும் எனக்கு லாபம். இதை நம் சங்கக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது ஒரு சாமர்த்தியமாகவே சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிலர் என்னோடு சேர்ந்து சிரித்ததும் நினைவிருக்கிறது.

இனி மறுபாதி. 2024-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் குடும்பத்துக்காக ஒரு பழைய கார் பார்த்தேன். தரகர் மூலம் வந்த வண்டி. உரிமையாளர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மரியாதையான மனிதர். விலை ரூ.2,80,000. கைபேசியிலேயே ரூ.25,000 அனுப்பினேன். பதினைந்து நாளில் மீதி. இப்போதும் தாள் எழுதவில்லை. நான்காம் நாள் இரவு பெய்த மழையில் என் கிடங்கின் ஓடு சரிந்தது. சர்க்கரை மூட்டையும் பருப்பு மூட்டையும் நனைந்து போயின. மொத்த வியாபாரிக்குப் பாக்கி கொடுக்க வேண்டும், கூரையைப் போட வேண்டும், மறுபடியும் சரக்கு எடுக்க வேண்டும். கார் வாங்கும் நிலையில் நான் இல்லை. உரிமையாளரைப் பார்த்து நிலைமையைச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்களும் வியாபாரிதானே ஐயா? அட்வான்ஸ் கொடுத்துட்டு வேண்டாம்னா அது போச்சு. இதுதானே முறை?"

என் வாக்கியம் அப்படியே என்னிடம் திரும்பி வந்தது. தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நம் சங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "நீங்க கொடுத்தது அச்சாரமா, முன்பணமா?" நான் "அட்வான்ஸ்" என்றேன். "அது இங்கிலீஷ். தமிழில் எது என்று சொல்லுங்கள்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடமாகக் கடை நடத்துகிறேன், இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாளும் யோசித்ததில்லை.

அச்சாரம் என்பது வாக்குக்கு ஈடு. "நான் கட்டாயம் வாங்குவேன், இது அதற்கு அடையாளம்" என்று கொடுப்பது. வியாபாரம் முடிந்தால் அது விலையில் கழியும். கொடுத்தவர் வாக்குத் தவறினால் வாங்கியவருக்குப் போகும். முன்பணம் அப்படியல்ல. அது விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது, அவ்வளவுதான். பேரம் முறிந்தால் அது திரும்ப வேண்டிய பணம். அதில் உண்மையாக ஏற்பட்ட நஷ்டத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். நம் பெரியவர்கள் இரண்டு சொல் வைத்திருந்தார்கள். நாம் இரண்டையும் 'அட்வான்ஸ்' என்ற ஒரே மூட்டையில் கட்டிப்போட்டுவிட்டோம். கொடுப்பவர் அதை முன்பணம் என்று நினைத்துக் கொடுக்கிறார். வாங்குபவர் அதை அச்சாரம் என்று நினைத்து வாங்குகிறார். பாதித் தகராறு அங்கேயே பிறந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 74-ஆவது பிரிவை வழக்கறிஞர் எனக்கு விளக்கினார். ஒப்பந்தம் மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு மட்டுமே. எழுதியிருக்கிறதே என்பதற்காக முழுத் தொகையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல உண்டு. அவற்றில் ஒன்று நம்மைப் போன்றவர்களுக்குப் பிடித்துப்போகும், ஏனென்றால் அது காய்கறியும் முட்டையும் சம்பந்தப்பட்டது. 1947-ஆம் ஆண்டு மௌலா பக்ஷ் என்ற வியாபாரி ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு சப்ளை செய்ய ஒரு ஒப்பந்தமும், கோழி, முட்டை, மீன் சப்ளை செய்ய இன்னொரு ஒப்பந்தமும் போட்டார். டெபாசிட்டாக ஒன்றுக்கு ரூ.10,000, மற்றொன்றுக்கு ரூ.8,500 கட்டினார். சொன்னபடி சப்ளை செய்ய முடியவில்லை. அரசு ஒப்பந்தங்களை ரத்து செய்து டெபாசிட்டைப் பறிமுதல் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969-இல் தீர்ப்பு வந்தது. தவறு வியாபாரியுடையது என்றாலும், அரசு தனக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைக் காட்டவில்லை. உருளைக்கிழங்கை வெளியில் என்ன விலைக்கு வாங்கினோம் என்று கணக்குக் காட்டியிருக்கலாமே, காட்டவில்லையே என்று நீதிமன்றம் கேட்டது. டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால் ஆம்னி வேன் விற்ற எனக்கு என்ன கதி என்று நினைத்துக்கொண்டேன்.

1963-இல் வந்த பதே சந்த் வழக்கின் தீர்ப்பு அச்சாரத்தையும் முன்பணத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. டெல்லியில் ரூ.1,12,500-க்கு ஒரு சொத்து பேசப்பட்டது. வாங்குபவர் அச்சாரமாக ரூ.1,000-மும், பிறகு விலையில் ஒரு பகுதியாக ரூ.24,000-மும் கொடுத்திருந்தார். பேரம் முறிந்தது. விற்பவர் மொத்தம் ரூ.25,000-ஐயும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அச்சாரமான ஆயிரத்தை வைத்துக்கொள்ளலாம், மீதி இருபத்து நாலாயிரத்தைத் தண்டனையாகப் பிடித்து வைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நியாயமாகாது. 1969-லேயே வந்த இன்னொரு வழக்கில் பழைய விமான உலோகச் சரக்கைப் பத்து லட்ச ரூபாய்க்குப் பேசிய ஒரு மில், இரண்டரை லட்சம் டெபாசிட் கட்டிவிட்டுப் பின்வாங்கியது. அது அச்சாரம்தான் என்று ஒப்பந்த நிபந்தனைகளிலேயே தெளிவாக இருந்ததால், முழுவதையும் விற்பவர் வைத்துக்கொண்டது சரி என்றது உச்ச நீதிமன்றம். எனவே "எந்த அட்வான்ஸானாலும் கோர்ட்டுக்குப் போனால் திரும்பி வந்துவிடும்" என்று யாரும் எண்ண வேண்டாம். எழுதிய தாளும், கொடுத்த நோக்கமும், தொகையின் அளவும்தான் முடிவு செய்யும்.

பிறகு 2015-இல் கைலாஷ் நாத் வழக்கு. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனைக்கு வாங்கிய ரூ.78 லட்சம் அச்சாரத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையைப் பல மடங்கு அதிக விலைக்கு வேறொருவருக்கு ஏலத்தில் விற்றது. ஒப்பந்தத்தை மீறியது அந்த நிறுவனம் அல்ல என்பதோடு, அதிக விலைக்கு விற்ற ஆணையத்துக்கு நஷ்டமே இல்லை என்றும் கண்ட உச்ச நீதிமன்றம், பணத்தை வட்டியுடன் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு ரூ.1,43,000 நினைவுக்கு வந்தது. என் முகம் மாறியதை வழக்கறிஞர் கவனித்திருக்க வேண்டும். "என்ன சார்?" என்றார். டிபன் கடைத் தம்பியின் கதையைச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் கேஸை விட அந்தத் தம்பியின் கேஸ் பலமானது" என்றார்.

நம்மில் பலரிடம் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. அவற்றையும் இங்கே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

வண்டி பேசி மூன்று நாளுக்குள் வேண்டாம் என்று சொன்னால் பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். காப்பீட்டு பாலிசிக்கு அப்படி ஒரு வசதி உண்டு. பழைய கார் வாங்குவதற்கு அப்படிப் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. பேசினால் பேசியதுதான். பின்வாங்கும் உரிமை வேண்டுமென்றால் அதை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அட்வான்ஸ் தராவிட்டால் உடனே காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம். ஒரே வண்டியை நாலு பேருக்குப் பேசி நாலு பேரிடமும் பணம் வாங்குவது அந்த வகை. வாங்குபவர் மனம் மாறியதும் விற்பவர் பணத்தைத் தர மறுப்பதும் உரிமையியல் தகராறு. அதற்கு முதலில் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் கோர்ட் அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசம். பழைய கார் விற்பதையே தொழிலாகச் செய்யும் டீலரிடம், சொந்த உபயோகத்துக்காகக் கொடுத்த பணமென்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையமும் இருக்கிறது. ஆனால் தன் ஒரே காரை விற்கும் தனி மனிதர் மீது அங்கே போக முடியாது. இதனால்தான் யாரிடம் பணம் கொடுக்கிறோம், ரசீது யார் பெயரில் என்பது முக்கியம். தரகர் கையில் கொடுத்துவிட்டு, "உரிமையாளருக்குப் போய்ச் சேரவில்லை" என்ற பதிலைக் கேட்டவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். பழைய வண்டி டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வாங்குபவர் சொந்தக் காரணத்தால் பின்வாங்குவது வேறு, விற்பவர் மறைத்ததால் பின்வாங்குவது வேறு. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் நிற்கிறது, அதை மறைத்துவிட்டார்; மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்; விபத்தில் அடிபட்ட வண்டியை அடிபடாதது என்று சொல்லிவிட்டார். இப்படிப் பொய் சொல்லிப் பேரத்தை முடித்திருந்தால், அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய வாங்குபவருக்கு உரிமை உண்டு. அங்கே அச்சாரமோ முன்பணமோ முழுவதும் திரும்ப வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சொன்னார், சொல்லவில்லை என்று நிரூபிக்க மறுபடியும் தாள்தான் வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. பேரம் முறிந்து வண்டி திரும்பி வருவதற்குள் வழியில் ஏதாவது நடந்துவிட்டால் ரூ.25,000 அட்வான்ஸ் உங்களைக் காப்பாற்றாது.

இப்போது நம் கடைக்கு வருவோம். காரைப் பற்றிப் பேசினாலும் இது கார் விஷயம் மட்டும் அல்ல. கல்யாண மளிகைக்கு அட்வான்ஸ் வாங்குகிறோம். முகூர்த்தம் தள்ளிப்போனதும், "போட்டு வைத்த சரக்கு வீணாகிவிட்டது" என்று சொல்லிப் பணத்தைத் தர மறுக்கிறோம். அரிசியும் பருப்பும் மறுநாளே வேறு வாடிக்கையாளருக்குப் போய்விடுகிறது என்பது நமக்கும் தெரியும், கடைப் பையனுக்கும் தெரியும். பொட்டலம் கட்டிய கூலியும், இதற்கென்றே வரவழைத்து விற்காமல் நின்றுபோன சரக்கின் நஷ்டமும் நியாயம். அதற்கு மேல் பிடிப்பது என்ன நியாயம்?

இதன் மறுபக்கமும் உண்டு. பருப்புக்கு மொத்த வியாபாரியிடம் அட்வான்ஸ் கட்டி வைக்கிறோம். ஒரு வாரத்தில் விலை ஏறியதும் "லோடு வரவில்லை" என்கிறார். நம் பணத்தை மட்டும், வட்டியும் இல்லாமல் ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தருகிறார். விலை வித்தியாசத்தைக் கேட்டால், "அட்வான்ஸ்தான் வந்துவிட்டதே" என்கிறார். வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போச்சு, விற்பவர் பின்வாங்கினால் பணம் திரும்பினால் போதும் என்பது என்ன முறை? ஒரே தராசில் இரண்டு படிக்கல்லா? திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரம் வணிகர்களைப் பற்றிச் சொல்லித்தான் முடிகிறது. பிறர் பொருளையும் தன் பொருளைப் போலப் பேணுவதே வணிகம் என்பது அதன் கருத்து. எத்தனையோ கடைகளில் வள்ளுவர் படம் மாட்டியிருக்கிறோம். படத்துக்குக் கீழே இருக்கும் கல்லாவில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

"அட்வான்ஸ் போகாது என்றால் வாக்குக்கு என்ன மதிப்பு? ஆளாளுக்குப் பேசிவிட்டுப் போய்விடுவார்களே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். உண்மையிலேயே விளையாட்டாகப் பேசி, நம் வண்டியைப் பதினைந்து நாள் நிறுத்தி வைத்து, வந்த வேறு ஆளையும் நாம் திருப்பி அனுப்பிய பிறகு வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அச்சாரம். நான் அச்சாரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்சாரம் சிறியதாக இருக்கட்டும், அது அச்சாரம் என்று எழுதப்பட்டிருக்கட்டும் என்கிறேன். பெரிய தொகையை முன்பணமாக வாங்கினால், முறிந்தபோது உண்மையான நஷ்டம் போக மீதியைத் திருப்பிக் கொடுப்போம் என்கிறேன். வாக்குத் தவறியவன் நஷ்டத்தைத் தாங்கட்டும். ஆனால் அவன் கஷ்டம் நமக்கு லாபமாகக் கூடாது.

பழைய வண்டி வாங்குவோரும் விற்போரும் ஒரு வெள்ளைத்தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். பத்து நிமிட வேலை.

1. வண்டியின் பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், அன்றைக்கு மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டர், பேசிய விலை.

2. கொடுக்கும் பணத்தில் அச்சாரம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு. இரண்டும் இருந்தால் தனித்தனியாக எழுதவும்.

3. மீதிப் பணம் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி. அதுவரை வேறு யாருக்கும் விற்பதில்லை என்ற விற்பவரின் உறுதி.

4. மெக்கானிக் பார்த்து, ஆர்.சி., கடன் நிலுவை, இன்சூரன்ஸ், போக்குவரத்து அபராதம் ஆகியவற்றைச் சரிபார்க்க எத்தனை நாள். அதில் குறை வந்தால் முழுப் பணமும் திரும்பும் என்ற நிபந்தனை. பரிவாகன் இணையதளத்தில் வண்டியின் விவரங்களைப் பார்க்கலாம். சரக்கு வண்டியானால் எஃப்.சி. எதுவரை என்றும் பார்க்கவும்.

5. வாங்குபவர் சொந்தக் காரணத்தால் பின்வாங்கினால் எவ்வளவு கழியும். விற்பவர் பின்வாங்கினால் வாங்கியதைத் திருப்புவதோடு மேலும் எவ்வளவு தருவார். இரண்டு தொகையும் ஒன்றாக இருப்பது அழகு.

6. பணம் வங்கி மூலமோ கைபேசி மூலமோ உரிமையாளர் கணக்குக்கே போக வேண்டும். ரொக்கமானால் ரசீது. தரகர் கமிஷன் யார் பொறுப்பு, பேரம் முறிந்தால் கமிஷன் உண்டா இல்லையா என்பதையும் எழுதவும்.

7. முழுப் பணமும் கைமாறி, பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்தான பிறகே சாவி. கடன் இருந்து அடைத்திருந்தால் 35-ஆம் எண் படிவமும் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். விற்பவர் பதினான்கு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். வாங்குபவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க மறக்கக் கூடாது.

நம் சங்கம் இப்படி ஒரு மாதிரித் தாளை அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் என்ன? வண்டிக்கு மட்டுமல்ல, கல்யாண ஆர்டருக்கும் மொத்தக் கொள்முதலுக்கும் பொருந்துமாறு வார்த்தைகளை மாற்றிக்கொள்ளலாம். கூடவே, உறுப்பினர்களுக்குள் அட்வான்ஸ் தகராறு வந்தால் கோர்ட்டுக்கு முன்னால் சங்கத்தின் மூத்தவர்கள் இருவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வழக்கத்தையும் கொண்டுவரலாம். நிர்வாகிகள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கார் விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வழக்குப் போடவில்லை. தாள் இல்லாத பணத்துக்கு வழக்கு நடத்துவது நனைந்த சர்க்கரையை நிறுப்பது போல. சங்கத்தின் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த உரிமையாளரிடம் போனேன். "எனக்காக உங்களுக்கு எவ்வளவு நஷ்டமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை நீங்களே சொல்லுங்கள்" என்றேன். என்னை நம்பி அவர் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். பிறகு அதே வண்டியை ரூ.6,000 குறைத்து விற்க வேண்டியிருந்ததாம். தரகருக்குக் கூடுதலாக ரூ.2,000. ஆக ரூ.8,000 பிடித்துக்கொண்டு ரூ.17,000 கொடுத்தார். எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னால் வந்த நஷ்டத்தை நான் தாங்கினேன், அவ்வளவுதான். அவரும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அந்த வாரமே பத்தாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துப் பக்கம் போனேன். டிபன் கடை அதே இடத்தில்தான் இருந்தது. அப்பா அந்த வருடமே காலமாகிவிட்டார் என்று சொன்னார். கல்லா மேசையில் பணத்தை வைத்தேன். "எட்டு வருஷம் ஆச்சே அண்ணாச்சி, நான் மறந்துட்டேன்" என்றார். மறந்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். எண்ணிப் பார்த்தார். அதிலிருந்து இரண்டு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். "ஆறு நாள் எனக்காக வண்டியை நிறுத்தி வச்சீங்கள்ல, அதுக்கு இது" என்றார்.

எந்தச் சட்டப் பிரிவையும் படிக்காத அந்தத் தம்பி, எட்டு வருடத்துக்கு முன்பு நான் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார். அடுத்த முறை யாராவது உங்கள் கடை வாசலில் வந்து நின்று, "வாங்க முடியவில்லை, அட்வான்ஸைக் கொடுங்கள்" என்று கேட்டால், "இதுதான் முறை" என்று சொல்வதற்கு முன் நமக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று ஒரு நிமிடம் கணக்குப் பாருங்கள். அந்தத் தொகை உங்களுடையது. மீதி அவருடையது.